படு

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில்
ஏசி அதிகம் வைத்த ஓர் அறை.
மேசையில் ஆங்கிலத்தில் ஒரு தாள்,
நான் தட்டச்சு செய்தது.
இந்தப் பக்கம் மிஸ்டர் கூ.
எதிரே லோகாம்பாள்.
பதினோரு வருட நைட் ஷிஃப்ட்,
நீலச் சட்டையில் பற்றாசு வாடை.
நடுவில் நான், மொழிபெயர்க்க.

கடிதம் 'இட்' என்று தொடங்குகிறது.
வாசலில் நிற்க ஆள் கிடைக்காத போதெல்லாம்
ஆங்கிலம் இந்த அதுவை நிற்க வைக்கும்.
எது அது என்று யாரும் கேட்பதில்லை.
மழை பெய்வதற்கும் அதே அதுதான்.
மணி ஆறு ஆவதற்கும்.
ஒருத்திக்கு வேலை போவதற்கும்.
அதற்கடுத்து 'தட்', ஒரு கொக்கி.
அதில் எதை மாட்டினாலும் தொங்கும்.

வாசித்தேன்:
"பதினான்காம் தேதி விடியற்காலை மூன்று நாற்பதுக்கு
அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால்
நீங்கள் படுத்திருந்ததாக
அறிவிக்கப்பட்டுள்ளது."

ஆங்கிலத்தில் சந்தேகம் முதலில் வரும்,
வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
தமிழில் அது எல்லாருக்கும் பின்னால்,
செருப்பைத் தேடிக்கொண்டு வரும்.
வந்து சேர்வதற்குள்
லோகாம்பாள் படுத்துவிட்டாள்.

படு.
நமக்கு இதற்கு வேறு வினை இல்லை.
சொல்லப்படு, நம்பப்படு, காணப்படு.
உடம்பு சாய்வதும் படு,
துன்பம் தின்பதும் படு.
ஒரே வாக்கியத்தில் அவளை நான்
இரண்டு தடவை படுக்க வைத்திருந்தேன்.

அவள் தாளைப் பார்க்கவில்லை.
"யாரு பாத்தது?" என்றாள்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் மிஸ்டர் கூ.

நான் சொன்னேன்,
"விளக்கம் கோரப்படுகிறது."

பார்த்தது நான்.
சம்பளக் கணக்கு இடித்துக்கொண்டு நின்ற ராத்திரி,
டேப் எடுக்க ஸ்டோருக்குப் போனேன்.
காலணியைத் தலைக்கு வைத்து ஒருக்களித்திருந்தாள்.
ஏசி குழாய் சொட்டுகிற இடம்.
ஓர் அட்டையை இழுத்து அவள் காலை மூடினேன்.
விடிந்ததும் கேண்டீனில்
ரொட்டி சானாய் வரத் தாமதமானது.
பக்கத்தில் சூப்பர்வைசர் ஹஃபிஸ்.
பேச வேறொன்றும் இல்லாமல்
"கசியான் லா, அந்த லோகா
செத்த மாதிரி தூங்குது" என்றேன்.
அவ்வளவுதான்.

கசியான் கடிதத்தில் இல்லை.
சொட்டிய தண்ணீர் இல்லை, அட்டை இல்லை.
நானும் இல்லை.
'யாரால்' என்பதை விட்டுவிடலாம்
என்பது விதி.
வாக்கியம் அப்போதும் முழுசாகத்தான் இருக்கும்,
பரீட்சையில் மார்க்கும் குறையாது.

"விளக்கமா?" என்றார் அவர்.
"நம்பத்தகுந்த வட்டாரம் என்று சொல்."
சொன்னேன். நானே ஒரு வட்டாரமானேன்.
லோகாம்பாள் கையெழுத்திட்டாள்,
பேனா எழுதாமல் இரண்டாவது தடவை.
மூன்று நாள் சம்பளம் பிடிக்கப்படும்.
யார் பிடிப்பார் என்று அதிலும் போடவில்லை.
பிடிப்பதும் நான்தான், இருபத்தைந்தாம் தேதி.

சாயங்காலம் பஸ் நிற்குமிடம்.
பாலத்துப் பக்கம் வானம் கறுத்திருந்தது.
அவள் பையை நகர்த்தி இடம் விட்டாள்.
நான் உட்கார்ந்தேன்.
ஒரு ஃபேக்டரி வேன் போயிற்று, இன்னொன்று போயிற்று.

"பட்டர்வொர்த்ல செம மழையாம்" என்றாள்,
என்னிடமா ரோட்டிடமா தெரியவில்லை.

பழக்க தோஷம்,
"யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் திரும்பி
என் முகத்தைப் பார்த்தாள்,
கடிதத்தைப் படிக்கிறவள் மாதிரி,
முதல் வரியிலிருந்து.